எம்டன் முதல் ட்ரோன் வரை

போன பொங்கலுக்கு வந்த பேரன், பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு ட்ரோனை எடுத்து வைத்தான். "தாத்தா, மொட்டை மாடியிலேருந்து ஏத்தினா பவர் ஹவுஸ் புகைபோக்கி, கடல் எல்லாம் ஒரே ஷாட்ல வந்துடும்" என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் விடுவதாக இல்லை. "இது 249 கிராம்தான் தாத்தா. இதுக்கு லைசென்ஸே வேண்டாம்."

அவன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. அன்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1914 செப்டம்பர் 22, இரவு சுமார் ஒன்பதரை மணி. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. மறுநாள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பங்களில் என் பாட்டியின் குடும்பமும் ஒன்று. சமர்த்தான, பொல்லாத ஆளை 'சரியான எம்டன்' என்று நாம் சொல்வது அந்தக் கப்பலால் வந்த வழக்கம்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அவன் தேடி வந்தது மண்ணெண்ணெய்த் தொட்டியை. ஊரின் அன்றாட வாழ்க்கை எதை நம்பி ஓடுகிறதோ, அதில் கை வைத்தால் ஊரே நடுங்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1923-ன் அரசு ரகசியச் சட்டம் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்று சிலவற்றை வகுத்தது. 1937-ன் விமான விதிகளில், எந்தெந்த இடத்துக்கு மேலே பறக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. பம்பாய் மலபார் ஹில்லில் பார்சிகளின் அமைதிக் கோபுரங்கள் அதில் இருக்கின்றன. அது அவர்கள் நம்பிக்கைக்குக் கொடுத்த மரியாதை. காலப்போக்கில் டிராம்பே, கல்பாக்கம் அணு நிலையங்களும் அதில் சேர்ந்தன.

என் வேலைக் காலத்தில் வானத்திலிருந்து வந்த ஒரே எதிரி காத்தாடி. வட சென்னையில் ஒரு மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, அறுந்த காத்தாடி ஒன்று சுவிட்ச் யார்டில் விழுந்து, மழையில் நனைந்த நூல் கம்பியில் சிக்கி, லைன் டிரிப் ஆகிவிட்டது. பல தெருக்கள் இருட்டில் மூழ்கின. அத்தனை உயர மதில், முள்கம்பி, துப்பாக்கியோடு காவலர். ஒரு பையனின் காத்தாடி எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டது. மதில் பக்கவாட்டில்தான் காக்கும், மேலே காக்காது என்று அன்று புரிந்தது.

ட்ரோன் வந்தபோது அரசுக்கும் அதே குழப்பம்தான். 2014 அக்டோபரில் தனியார் யாரும் பறக்கவிடக் கூடாது என்று ஒரேயடியாகத் தடை போட்டார்கள். 2018 டிசம்பரில் விதிகளோடு அனுமதித்தார்கள். சென்னை போன்ற பெரிய விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டர், உள்துறை அமைச்சகம் அறிவித்த முக்கிய நிலையங்களின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றார்கள். அதே மாதம் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாகத் தகவல் வர, சுமார் 1,000 விமானங்கள் தடைப்பட்டன. ஏறத்தாழ 1,40,000 பயணிகள் தவித்தார்கள். குண்டும் இல்லை, மோதலும் இல்லை. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

2021 ஜூன் 27 அதிகாலை, ஜம்மு விமானப்படை நிலையத்தில் ட்ரோன் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டன. இனி முழுத் தடைதான் என்று நினைத்தேன். ஆனால் இரண்டே மாதத்தில் வந்த ட்ரோன் விதிகள் படிவங்களை 25-லிருந்து 5 ஆகக் குறைத்தன. அதற்குப் பதில் நாட்டு வரைபடத்தையே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துவிட்டார்கள். பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான் உண்டு. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 250 கிராமுக்குள் இருந்தால் ஓட்டுநர் உரிமம் வேண்டாம், உண்மை. ஆனால் வரைபடத்தின் நிறம் எடையைப் பார்ப்பதில்லை. பேரன் விட்ட பாதி இதுதான்.

அவன் நியாயமாக ஒன்று கேட்டான்: "கெட்டவன் மேப் பாத்துட்டா தாத்தா வருவான்?"

வர மாட்டான். ஆனால் நல்லவர்கள் எல்லாரும் விலகியிருந்தால், அங்கே பறப்பது எதுவானாலும் காவலருக்கு உடனே சந்தேகம் வரும். தினமும் பத்து விளையாட்டு ட்ரோன்கள் பறந்தால், பதினோராவதையும் விளையாட்டு என்றுதான் நினைப்பார். இல்லையென்றால் ஒரு குழந்தையின் பொம்மையைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்குவார். இந்த விதி யாருக்கு என்றால், ராத்திரி கண் விழித்து நிற்கும் அந்த மனிதருக்கு. அவரோடு டீ குடித்தவன் நான்.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனில் வரைபடத்தைத் திறந்தான். எங்கள் வீடு பச்சையில் இல்லை. ட்ரோனைப் பெட்டியில் வைத்துவிட்டான்.

காணும் பொங்கலன்று எங்கள் சொந்த ஊருக்குப் போனோம். அங்கே பச்சை. ஏரிக்கரையில் நின்று ஏற்றினான். நான் நீச்சல் பழகிய ஏரியை எழுபது வயதுக்கு மேல் முதன்முறையாக மேலேயிருந்து பார்த்தேன். பாதி ஏரியில் வீடுகள் வந்துவிட்டன. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.