வாழைமரத் தாளும் மலாயா மக்களும்: ஜப்பானியர் ஆட்சிக்காலப் பணவீக்கம் (1942 – 1945)

முன்னுரை

மலேசியத் தமிழரின் முதிய தலைமுறையினர் 'ஜப்பான்காரன் காலம்' என்று சுட்டிய மூன்றரை ஆண்டுகள் பசி, நோய், சயாம் மரண இரயில் ஆகியவற்றாலேயே பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. அத்துன்பங்களோடு பின்னிப் பிணைந்திருந்த பணச் சீர்குலைவு அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. போர்க்காலப் பற்றாக்குறையே விலைவாசியை ஏற்றியது எனக் கருதுவது எளிது. ஆயின், ஆட்சியாளர் நாணயத்தைக் கையாண்ட முறையே அதற்கு முதன்மைக் காரணம் என்பதையும், அதன் சுமை கூலியையும் சம்பளத்தையும் நம்பி வாழ்ந்தோர்மீதே மிகுதியாக விழுந்தது என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணில்லாத தாள்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. கைப்பற்றப்படும் நிலப்பகுதிகளின் வளத்தைக் கொண்டே படைகள் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ள வேண்டும் என்றும், அதனால் உள்ளூர் மக்களுக்கு நேரும் இடரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் தோக்கியோ 1941 நவம்பரிலேயே முடிவு செய்திருந்தது. பின்வந்த பணக் கொள்கையின் வேர் இம்முடிவிலேயே உள்ளது.

படையினர் கொண்டுவந்த தாள்கள் மலாயா வெள்ளிக்குச் சமமானவை என அறிவிக்கப்பட்டன. பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தமையால் அவை அனைத்திற்குமே 'வாழைமரத் தாள்' என்னும் பெயர் நிலைத்தது. தொடக்கத்தில் வெளிவந்த தாள்களில் வரிசை எண் இருந்தது. பின்னர் எழுத்துக் குறி மட்டுமே அச்சிடப்பட்டது.

போருக்கு முன் அரசு வருவாய்க்கு ஈயமும் இரப்பரும் தூண்களாக இருந்தன. உலகச் சந்தை அடைபட்டதும் அவ்வருவாய் அற்றுப்போனது. சீனச் சமூகத்திடம் 1942இல் 5 கோடி வெள்ளி வற்புறுத்திப் பெறப்பட்டது. குலுக்குச்சீட்டும் சேமிப்பு இயக்கமும் நடத்தப்பட்டன. இவை எவையும் செலவிற்கு ஈடாகாதபோது அச்சு இயந்திரமே கருவூலமாயிற்று. போருக்கு முன் ஏறத்தாழ 22 கோடி வெள்ளி புழக்கத்தில் இருந்தது. ஆக்கிரமிப்பின் முடிவிற்குள் 700 முதல் 800 கோடி வெள்ளிக்கான தாள்கள் வெளியிடப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

அரிசியும் விலையும்

மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இறக்குமதி செய்துவந்த நாடு. கப்பல் போக்குவரத்துக் குறைந்ததோடு, நெற்களஞ்சியமாகிய கெடாவை உள்ளிட்ட நான்கு வட மாநிலங்கள் 1943இல் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டன. விலைக்கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பொருள்கள் கடைகளிலிருந்து மறைந்து கள்ளச்சந்தையை அடைந்தன.

பற்றாக்குறை உண்மையே. எனினும், அது மட்டுமே காரணமன்று. சிங்கப்பூரில் ஆடவர் ஒருவருக்கு மாதம் 20 காத்தியாக இருந்த அரிசிப் பங்கீடு 1944இல் 8 காத்தியாகக் குறைந்தது; அதாவது ஐந்தில் இரு பங்காயிற்று. ஆனால், போருக்கு முன் ஏறத்தாழ 5 வெள்ளிக்கு விற்ற 100 காத்தி அரிசி, 1945ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கள்ளச்சந்தையில் 5,000 வெள்ளியை எட்டியது. பங்கீட்டுக் குறைவிற்கும் இந்த ஆயிரம் மடங்கு ஏற்றத்திற்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளியைப் பற்றாக்குறையால் மட்டும் விளக்கவியலாது. தாளின் பெருக்கமும், அதன்மீது மக்கள் இழந்த நம்பிக்கையுமே அதனை நிரப்பின. தாளைக் கையில் வைத்திருக்க அஞ்சிய மக்கள் அதனை உடனே பொருளாக மாற்ற முனைந்தனர். இதனால் விலை மேலும் விரைந்தேறியது. பழைய பிரிட்டிஷ் தாள்கள் மறைத்துவைக்கப்பட்டன; மரவள்ளிக்கிழங்கு அன்றாட உணவாயிற்று.

பொதுப்பணிகளின் சரிவு

விலை ஏறிய விரைவில் சம்பளம் ஏறவில்லை. எழுத்தர், ஆசிரியர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோர் உடைமைகளை விற்றும் பக்கத் தொழில் செய்தும் பிழைக்க நேர்ந்தது. பணியாளர் தம் சம்பளத்தால் வாழவியலாத நிலையில் எந்தப் பொதுப்பணியும் செம்மையாக நடைபெற இயலாது. மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. மலேரியாத் தடுப்புப் பணிகள் கைவிடப்பட்டமையால் தோட்டப்புறங்களில் காய்ச்சல் பெருகியது. கிழக்குக்கரை இரயில் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

அதே பாதைக்குத் தோட்டத் தொழிலாளரும் கொண்டுசெல்லப்பட்டனர். இரப்பருக்குச் சந்தையின்றி வருமானம் இழந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கூலி வாக்களிக்கப்பட்டது; வற்புறுத்தலும் கையாளப்பட்டது. நாளுக்கு நாள் மதிப்பிழந்த தாளே அவ்வுழைப்பிற்குக் கூலியாயிற்று.

கணக்குத் தீர்ந்த நாள்

1945 செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் வாழைமரத் தாள்கள் செல்லாதவை என அறிவித்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் கொடுத்திருந்த செட்டியார்களுக்கு, ஆக்கிரமிப்பின்போது கடனாளிகள் மதிப்பிழந்த தாள்களைத் திருப்பிச் செலுத்தியிருந்தனர். இத்தகைய வழக்குகளைத் தீர்க்க 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆக்கிரமிப்புக்கால வெள்ளியின் மதிப்பு எவ்வாறு தேய்ந்தது என்பதை அதன் அட்டவணை காட்டியது. கடன் பத்திரம் உடையோர் வழக்காடவாவது வழி பிறந்தது. கூலியாகப் பெற்ற தாள்களைப் பெட்டியில் சேர்த்துவைத்திருந்த தொழிலாளிக்கு அவ்வழியும் இல்லை.

முடிவுரை

வரியென்று கூறி வாங்கினால் எவ்வளவு என்பதை மக்கள் அறிவர், எதிர்க்கவும் கூடும். தாளை அச்சிட்டு வாங்கும்போது அவ்வரி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மலாயா மக்கள் மூன்றரை ஆண்டுகள் செலுத்தியது அத்தகைய மறைமுக வரியேயாகும். தாளிலிருந்து வரிசை எண் மறைந்தது அச்சுத் தொழில் தொடர்பான சிறு செய்தியன்று. ஆளப்படுவோருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கடப்பாட்டை ஓர் அரசு கைவிட்டதன் அடையாளமாகவே அதனைக் கொள்ள வேண்டும்.