வீரர் யாருக்குச் சொந்தம்? அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களின் குளிர்கால விவாதம் வளர்ந்த வரலாறு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகள் மார்ச் இறுதியில் தொடங்கி, வேர்ல்ட் சீரிஸ் எனப்படும் இறுதித் தொடருடன் இலையுதிர்காலக் கடைசியில் முடிவடைகின்றன. பிப்ரவரியில் வீரர்கள் பயிற்சி முகாமுக்குத் திரும்பும்வரை ஓர் ஆட்டமும் கிடையாது. ஆயினும் அணிகள் தம் வீரர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதும், ஒப்பந்தம் முடிந்த வீரர்களை விலைபேசிச் சேர்ப்பதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடப்பதால், ரசிகர்களின் வாதப் பிரதிவாதங்கள் இப்போதுதான் சூடுபிடிக்கின்றன. பனிக்காலத்தில் கடைகளின் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து பேசிய வழக்கத்தையொட்டி இப்பருவம் 'ஹாட் ஸ்டோவ் லீக்' என்று அழைக்கப்படலாயிற்று. பேச்சின் வேகம் அன்றும் இன்றும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ரசிகர் யார்மீது குற்றம் சாட்டுகிறார், யாருக்காகப் பரிந்து பேசுகிறார் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. வீரரின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற சட்டக் கேள்விக்கு அந்தந்தக் காலத்தில் கிடைத்த விடையே அம்மாற்றத்தை வழிநடத்தியது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

1876இல் தொடங்கப்பட்ட நேஷனல் லீகின் அணி உரிமையாளர்கள், மூன்றே ஆண்டுகளில், 1879 செப்டம்பரில், ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களைப் பிற அணிகள் தொடக்கூடாதவர்களாகக் குறித்துவைத்துக்கொள்ளலாம் என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். சம்பள உயர்வைத் தடுப்பதே இதன் நோக்கம். ஐந்து என்ற எண்ணிக்கை விரைவிலேயே அணி முழுவதையும் உள்ளடக்கும் அளவுக்கு வளர்ந்தது. தக்கவைப்பு விதி என்று சொல்லத்தக்க இந்த ஏற்பாட்டின்படி, ஓராண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரர் அதே அணிக்கே கட்டுப்பட்டவர். அணி விரும்பினால் அவரை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம், ஆனால் அவராக விலகி வேறோர் அணிக்குப் போக முடியாது. 1887 பிப்ரவரியில் சிகாகோ அணி தன் புகழ்பெற்ற வீரர் மைக் 'கிங்' கெல்லியை 10,000 டாலருக்கு பாஸ்டனுக்கு விற்றபோது அத்தொகையே நாட்டை வியக்க வைத்தது. அதே ஆண்டில், வழக்குரைஞர் பட்டம் பெற்ற வீரரான ஜான் மான்ட்காமரி வார்ட், வீரர்கள் அசையும் சொத்தாக நடத்தப்படுவதைக் கண்டித்து 'லிப்பின்காட்ஸ்' இதழில் எழுதினார். அவர் தலைமையில் வீரர்கள் 1890இல் நடத்திய தனி லீக் ஓராண்டே நிலைத்தது.

இவ்வாறு வீரரின் குரல் அடங்கிப்போன ஒரு நிலையில்தான் ரசிகர்களின் முதல் பெரும் குளிர்கால விவாதம் எழுந்தது. 1919இல் 29 ஹோம் ரன்கள் அடித்துப் புதிய சாதனை படைத்திருந்த பேப் ரூத்தை, பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளரும் நாடகத் தயாரிப்பாளருமான ஹாரி ஃப்ரேஸி நியூயார்க் யாங்கீஸுக்கு 1,00,000 டாலருக்கு விற்ற செய்தி 1920 ஜனவரி 5 அன்று வெளியானது. ரூத்துக்கு ஈடாக ஒரு வீரர்கூட பாஸ்டனுக்கு வரவில்லை. யாங்கீஸ் உரிமையாளர் ஜேக்கப் ருப்பர்ட், பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தின் ஈட்டின் பேரில் ஃப்ரேஸிக்கு 3,00,000 டாலர் கடன் தர உடன்பட்டிருந்ததும் இந்தப் பேரத்தின் ஒரு பகுதி. இந்த விற்பனையை பாஸ்டன் நகரமே ஒரே குரலில் எதிர்த்ததாகப் பிற்காலத்தில் உருவான எண்ணம் முழு உண்மையன்று. ரூத் இருந்தும் அணி 1919இல் ஆறாம் இடத்துக்கு இறங்கியதையும், அவர் ஒப்பந்தத்தை மீறி 20,000 டாலர் சம்பளம் கேட்டதையும் சுட்டிக்காட்டி ஃப்ரேஸியின் பக்கம் நின்றவர்களும் இருந்தனர். இரு தரப்பாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயினர்: விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு; அது நல்ல முடிவா, கெட்ட முடிவா என்பதே வழக்கு. யாங்கீஸுக்காக ரூத் 1920இல் 54 ஹோம் ரன்கள் அடித்ததும், 1918இல் பட்டம் வென்றிருந்த பாஸ்டன் மீண்டும் வெல்ல 2004 வரை காத்திருந்ததும் அவ்வழக்கைப் பின்னாளில் தீர்த்துவைத்தன.

உரிமையாளர்களின் இந்த அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றமும் அரண் அமைத்தது. தொழில் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டங்கள் பேஸ்பாலுக்குப் பொருந்தா என்று 1922இல் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பை, 1953இல் நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. 1956 டிசம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, நிறவெறித் தடையைத் தகர்த்த ஜாக்கி ராபின்சனைத் தன் பரம எதிரியான ஜயன்ட்ஸ் அணிக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அவர் ஓய்வு பெற்று அதைத் தவிர்த்தார். மறுப்பதற்கு ஒரு வீரருக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

அக்காலத்து விவாதங்களுக்குச் சிறந்த சான்று 1965 டிசம்பர் 9 அன்று நடந்த மாற்றம். சின்சினாட்டி அணி, தன் தலைசிறந்த மட்டையாளர் ஃபிராங்க் ராபின்சனை பால்டிமோருக்குக் கொடுத்து, பந்துவீச்சாளர் மில்ட் பாப்பாஸையும் மேலும் இருவரையும் வாங்கியது. ராபின்சனுக்கு வயது முப்பதுதான் என்றாலும் அவர் இளமை தாண்டிய முப்பது என்ற பொருள்பட அணி உரிமையாளர் பில் டிவிட் பேசியது சின்சினாட்டி ரசிகர்களின் மனத்தில் ஆறாத வடுவாகியது. ஏனெனில் மறு ஆண்டிலேயே ராபின்சன் 49 ஹோம் ரன்களுடன், மட்டைச் சராசரி, ஹோம் ரன், ரன் ஈட்டல் ஆகிய மூன்றிலும் தன் லீகின் முதலிடத்தைப் பிடித்து, 'டிரிபிள் கிரவுன்' எனும் அரிய சிறப்பைப் பெற்றதோடு, பால்டிமோருக்கு வேர்ல்ட் சீரிஸையும் வென்று தந்தார். மாற்றத்தில் எந்த அணி வென்றது, எது தோற்றது என்று ஆண்டுகள் கழித்தும் கணக்குப் பார்க்கும் பழக்கம் ரசிகர்களிடையே வேரூன்றியதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த மற்றொரு மாற்றம் இந்தக் கணக்கையே செல்லாததாக்கியது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், பன்னிரண்டு பருவங்கள் தனக்காக ஆடிய கர்ட் ஃபிளட், டிம் மெக்கார்வர் உள்ளிட்டோரை ஃபிலடெல்பியாவுக்கு அனுப்பி, டிக் ஆலன் உள்ளிட்டோரைப் பெற்றது. ஃபிலடெல்பியா ரசிகர்களின் வெறுப்புக்கு ஆலன் எந்த அளவு ஆளாகியிருந்தார் என்றால், கூட்டத்திலிருந்து எறியப்படும் பொருள்களுக்கு அஞ்சி ஃபீல்டிங்கின்போதும் தலைக்கவசம் அணிந்து நின்றார். முதல் பேஸ் அருகே மண்ணில் காலால் சொற்களை எழுதிக் கூட்டத்துக்குப் பதில் சொன்னார். அந்நகரை விட்டு வெளியேற அவர் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபிளட்டோ அதே நகருக்குப் போக மறுத்தார். ஒரே காகிதத்தில் பெயர் இடம்பெற்ற இருவரில் ஒருவருக்கு விடுதலையாகவும் மற்றவருக்குத் தண்டனையாகவும் அமைந்த அந்த மாற்றத்தில், இருவருடைய விருப்பமும் கணக்கில் சேரவில்லை என்பதே அதன் சாரம். ரசிகர்கள் ஆலனின் ஹோம் ரன்களையும் ஃபிளட்டின் ஃபீல்டிங்கையும் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, தன் விருப்பத்துக்கு மாறாக வாங்கவும் விற்கவும் தான் ஒரு பண்டம் அல்லன் என்று ஃபிளட் 1969 டிசம்பர் 24 தேதியிட்ட கடிதத்தில் ஆணையர் போவி கூனுக்கு எழுதினார்.

அப்போது அவருடைய ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அத்தொகையைப் பெறுபவர் அடிமைத்தனம் பற்றிப் பேசலாமா என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் கேட்டனர். வீரர் சங்கத்தின் செயல் இயக்குநரும் முன்னர் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் பொருளியலாளருமான மார்வின் மில்லர், தக்கவைப்பு விதியை எதிர்த்துத் தொடுக்கும் வழக்கில் தோற்பது ஏறத்தாழ உறுதி என்று எச்சரித்தும் ஃபிளட் பின்வாங்கவில்லை. ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்ற வாக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு அது ஈடாகாது என்பதை ரசிகர் உலகம் அன்று உணரத் தவறியது வருந்தத்தக்கது. அத்தவறு பின்னரும் தொடர்ந்தது.

நீதிமன்றம் மூடிய கதவு, தொழில் தகராறுகளில் தீர்ப்புச் சொல்லும் தனி நடுவர் வழியாகத் திறந்தது. ஓக்லண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி ஒப்பந்தப்படி ஒரு தொகையைச் செலுத்தத் தவறியதால், பந்துவீச்சாளர் கேட்ஃபிஷ் ஹன்ட்டரை நடுவர் பீட்டர் சைட்ஸ் 1974 டிசம்பரில் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தார். வட கரோலினாவின் அஹோஸ்கி என்ற சிற்றூரில் இருந்த அவருடைய வழக்குரைஞர் அலுவலகத்துக்குப் பெரும்பாலான அணிகளின் பிரதிநிதிகள் படையெடுக்க, ஆண்டின் கடைசி நாளன்று அவர் மூன்று மில்லியன் டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் யாங்கீஸில் சேர்ந்தார். போட்டியுள்ள சந்தையில் ஒரு வீரரின் விலை என்ன என்பதை ரசிகர்கள் வெளிப்படையாகக் கண்டது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு டிசம்பர் 23 அன்று, ஒப்பந்தம் இன்றி ஒரு பருவத்தைக் கழித்த ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி இருவரும் விடுதலை பெற்றவர்களே என்று சைட்ஸ் தீர்ப்பளித்ததும், தக்கவைப்பு விதி குலைந்தது. உரிமையாளர்கள் சைட்ஸைப் பதவியிலிருந்து நீக்கினர். தீர்ப்பை நீக்க முடியவில்லை. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் பணி முடித்த வீரர் விரும்பிய அணியுடன் பேரம் பேசும் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகலாம்.

சராசரிச் சம்பளம் 1976இல் சுமார் 51,500 டாலராக இருந்து, 1980இல் சுமார் 1,43,700 டாலராக உயர்ந்தது. விவாதத்தில் இப்போது மூன்றாம் தரப்பாக வீரரும் நுழைந்தார். முன்பு 'ஏன் விற்றார்' என்று உரிமையாளரைக் கேட்ட ரசிகர், இப்போது 'ஏன் போனார்' என்று வீரரைக் கேட்கத் தொடங்கினார். பணத்தாசை, நன்றியின்மை ஆகிய சொற்கள் வழக்கத்துக்கு வந்தன. 1985 முதல் 1987 வரையிலான குளிர்காலங்களில் உரிமையாளர்கள் தமக்குள் கூடிப் பேசிப் பிற அணி வீரர்களுக்கு விலை சொல்லாமல் இருந்ததும், அந்தச் சதிக்காக 1990இல் 280 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்ததும் வீரர்மீதான ஏச்சைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

இதே காலத்தில் ரசிகரின் அறிவும் வேறு திசையில் வளர்ந்தது. 1977இல் பில் ஜேம்ஸ் தாமாகவே வெளியிடத் தொடங்கிய புள்ளிவிவர ஆண்டு நூல்கள், 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் தொடங்கிய, ஏலத்தில் வீரர்களை எடுத்துக் கற்பனை அணி நடத்தும் 'ரோட்டிசரி லீக்', நியூயார்க்கில் 1987இல் நாள் முழுவதும் விளையாட்டையே பேச வந்த டபிள்யூ.எஃப்.ஏ.என். வானொலி ஆகியவை சேர்ந்து, ரசிகரைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து மேலாளரின் மேசைக்கு நகர்த்தின. இந்த நகர்வு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2003 டிசம்பர் தெளிவாக்கியது. டெக்சஸ் அணியுடன் 252 மில்லியன் டாலருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்த அலெக்ஸ் ரோட்ரிகஸ், பாஸ்டனுக்கு மாறுவதற்காகத் தன் வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க முன்வந்தார். ஒருவர் விட்டுக்கொடுத்தால் நாளை எல்லோரும் விட்டுக்கொடுக்க வற்புறுத்தப்படுவர் என்று வீரர் சங்கம் அதைத் தடுத்தபோது, பாஸ்டன் ரசிகர்களின் கோபம் சங்கத்தின்மீதே பாய்ந்தது. அவர் அடுத்த பிப்ரவரியில் யாங்கீஸுக்குப் போனார். அவரில்லாத பாஸ்டன்தான் அந்த ஆண்டு, யாங்கீஸுடனான தொடரில் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்ற பின் எஞ்சிய நான்கையும் வென்று, பட்டத்தையும் கைப்பற்றியது.

2020 பிப்ரவரியில் பாஸ்டன் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியபோது இந்தப் போக்கு முதிர்ந்துவிட்டிருந்தது. நூறாண்டுக்கு முந்தைய ரூத் விற்பனையை நினைவூட்டிக் கொதித்தவர்கள் ஒருபுறம் இருக்க, குறிப்பிட்ட சம்பள வரம்பைத் தாண்டும் அணிகள் செலுத்த வேண்டிய 'சொகுசு வரி'யைக் காரணம் காட்டி உரிமையாளரின் முடிவை நியாயப்படுத்திய ரசிகர்களும் இருந்தனர். அணியின் சேமிப்பில் ஒரு டாலர்கூட ரசிகருக்கு வந்துசேர்வதில்லை. நுழைவுச்சீட்டின் விலையும் அதனால் இறங்குவதில்லை. ஆட்டத்தை நுட்பமாகப் புரிந்துகொள்ளக் கற்ற ஒரு தலைமுறை, அந்நுட்பத்தோடு உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தையும் தன் சொந்தக் கணக்கெனச் சுமக்கத் தொடங்கியது இவ்வரலாற்றின் மிகக் கவலைக்குரிய திருப்பம்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. ஓக்லண்ட் அணி, மேட் ஆல்சன், மேட் சாப்மன், ஷான் மர்ஃபி என்று தன் நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டு, வெறிச்சோடிய மைதானத்தைக் காட்டி லாஸ் வேகஸுக்குக் குடிபெயர முயன்றபோது, ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று மைதானத்தை நிரப்புவதையே போராட்டமாக்கினர். அணியையே விற்றுவிடு என்ற பொருளில் ஒற்றைச் சொல் பொறித்த பச்சைச் சட்டைகளுடன் 27,759 பேர் வந்தனர். வீரர்களைக் குறை கூறாமல் நேராக உரிமையாளரைச் சுட்டியதில், அவர்கள் 1920இன் பாஸ்டன் ரசிகர்களுக்கு நெருக்கமானவர்கள். இடமாற்றத்துக்கு மற்ற உரிமையாளர்கள் அந்த நவம்பரிலேயே ஒப்புதல் அளித்தனர்.

அதற்கு அடுத்த மாதம் ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருந்த வீரர் ஷோஹெய் ஓட்டானியின் முடிவுக்காகக் காத்திருந்த ரசிகர்கள், கலிபோர்னியாவிலிருந்து டொரன்டோவுக்குப் புறப்பட்ட ஒரு தனி விமானத்தின் பாதையைக் கணினித் திரையில் பின்தொடர்ந்தனர். அதில் அவர் இல்லை. மறுநாள் அவர் டாட்ஜர்ஸுடன் பத்தாண்டுகளுக்கு 700 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை அறிவித்தார். அதில் 680 மில்லியன் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே வழங்கப்படும். டாட்ஜர்ஸ் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளும் பட்டம் வென்றதையடுத்து, அணிகளின் மொத்தச் சம்பளத்துக்குக் கண்டிப்பான உச்சவரம்பு வேண்டும் என்ற கோரிக்கை சிறு நகர ரசிகர்களிடையே வலுத்துள்ளது. வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான தற்போதைய உடன்பாடு 2026 டிசம்பர் 1 அன்று முடிவுக்கு வருவதால், கோரிக்கைக்கு உடனடிப் பொருத்தமும் இருக்கிறது. உச்சவரம்பு செல்வந்த அணியின் கையைக் கட்டலாம். செலவிட மறுக்கும் உரிமையாளரின் கையைத் திறக்க அது உதவாது. 2015க்குப் பின் பிளே-ஆஃப் சுற்றை எட்டாத பிட்ஸ்பர்க்கில், 2024இல் அறிமுகமான பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸை அணி எப்போது விற்கும் என்ற விவாதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 1976இன் ஆறாண்டு விதிப்படி அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது 2029 பருவத்துக்குப் பின்னரே; அதுவரை அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்ற முடிவு உரிமையாளரிடமே இருக்கிறது.