நாசிக்குச் செலுத்தும் நீர்: வரலாறு தரும் படிப்பினை

 

தொழுகைக்காக வுழூச் செய்யும்போதெல்லாம் நாம் நாசிக்குள் நீர் செலுத்திச் சிந்துகின்றோம். பீனிசத்தால் வருந்துவோர் உப்பு நீரால் நாசியைக் கழுவுகின்றனர். இவ்விரு பழக்கங்களின் வரலாற்றையும், அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பொறுப்பையும் சற்றுச் சிந்திப்போம்.

பனூ முன்தஃபிக் கோத்திரத்தாரின் தூதுக்குழுவில் மதீனா வந்த லகீத் இப்னு ஸபிரா (ரழி) அவர்கள், வுழூவைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். வுழூவை நிறைவாகச் செய்யுமாறும், விரல்களின் இடைகளைக் கோதிக் கழுவுமாறும், நோன்பு நோற்றிராத வேளையில் நாசிக்கு நீர் செலுத்துவதை நன்கு செய்யுமாறும் அண்ணலார் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய ஹதீஸ் நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. நீரை உள்ளிழுத்தல் இஸ்தின்ஷாக் எனவும், வெளியே சிந்துதல் இஸ்தின்ஸார் எனவும் வழங்கப்படும். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இது சுன்னத்தாகும்.

நாசிச் சுத்தி பிற சமூகங்களிலும் பேணப்பட்டது. 15ஆம் நூற்றாண்டளவில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகை, நூலிழை கொண்டு செய்யும் நேதியை விளக்குகின்றது. உப்பு நீரால் செய்வது ஜலநேதி எனப்படும்.

வுழூவுக்கு உப்பு வேண்டியதில்லை. சிகிச்சைக்கு உப்பு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1 லீற்றர் நீருக்கு 9 கிராம் உப்புச் சேர்த்தால் அது உடற்திரவத்தின் உப்புத்தன்மையை ஒத்திருக்கும். வெறும் நீரைப் போல எரிச்சல் தராது. தடித்த சளியையும் தூசியையும் இளக்கி வெளியேற்றும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 76 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஆறு மாதம் நாள்தோறும் உப்பு நீரால் கழுவியோர் பீனிசத் தொல்லை குறையப்பெற்றனர்.

ஆயினும் சகோதரர்களே, நீரின் தூய்மையை மறந்துவிடலாகாது. 1965ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மல்கம் பௌலர் என்னும் வைத்திய அறிஞரும் அவருடைய சகாவும், மூளையை அழிக்கும் அமீபாவொன்றினால் நேர்ந்த மரணங்களை உலகுக்கு அறிவித்தனர். நெக்லேரியா பௌலேரி எனப்படும் அவ்வுயிரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அந்நீரைப் பருகினால் இந்நோய் வருவதில்லை. நாசிக்குள் ஏறினாலோ மோப்ப நரம்பின் வழியே மூளையை அடைகின்றது. நோய் மிக அரிது. எனினும் தப்பிப் பிழைத்தோர் மிகச் சிலரே.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்நீரால் நாசியைக் கழுவிய இருவர் இந்நோயால் மாண்டனர். அதற்கு முன்பே, 2008, 2009ஆம் ஆண்டுகளில் கராச்சி நகரில் 13 நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் நீர்நிலையில் நீந்தியவர் ஒருவரே. ஏனையோருக்கு வுழூவின்போது நாசியில் ஏறிய குழாய்நீரே காரணமாகலாம் என வைத்தியர்கள் கருதினர். 2025ஆம் ஆண்டு அண்டையிலுள்ள கேரளத்திலும் இத்தகைய அமீபா நோய்களால் பல உயிர்கள் பிரிந்தன.

இதைக் கேட்டு அஞ்சி, சுன்னத்தைக் கைவிடுவதா? இல்லை. நோன்பைக் காக்கும்பொருட்டு அளவைக் குறைக்கக் கற்பித்த மார்க்கம், உயிரைக் காக்கும்பொருட்டுக் கவனம் கொள்வதை மறுக்குமா?

ஆகவே பெற்றோர்களே, சிகிச்சைக்காக நாசி கழுவும் நீரை நன்கு கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அல்லது காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். பாத்திரத்தைக் கழுவி உலர வையுங்கள். பள்ளிவாசல் ஹவ்ழையும் வீட்டு நீர்த்தாங்கியையும் தவறாது துப்புரவு செய்து, உரிய அளவு குளோரின் இடச் செய்யுங்கள். நீரில் ஐயமிருப்பின் நாசிக்கு மட்டுமேனும் கொதித்தாறிய நீரை வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களே, கோடைகாலத்தில் குளங்களில் குதிக்கும்போது நாசியைப் பொத்திக்கொள்ளுங்கள். நாசியில் நீர் ஏறிய சில நாட்களில் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் தோன்றின் உடனே வைத்தியசாலை சென்று, நீர் ஏறிய செய்தியையும் வைத்தியரிடம் கூறுங்கள்.

தூய்மை நம் ஈமானோடு இணைந்தது. தூய்மை செய்யும் நீரைத் தூயதாக வைத்திருப்பதும் அதில் அடங்கும். வல்ல அல்லாஹ் நம் வணக்கங்களை ஏற்று, நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் பாதுகாப்பானாக! ஆமீன்.