தேருக்கு பிரேக் எங்கே இருக்கு? காஞ்சிபுரம் சொல்லித்தரும் உராய்வு விசை!

வைகாசி வந்தாலே காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம் களைகட்டிவிடும். மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். மாடி வீடு உயரத்துக்கு நிற்கும் மரத்தேரை, வடம் பிடித்து ஊரே இழுக்கும். பாரம்பரியத் தேர்களுக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக் பெடலும் இல்லை. அப்புறம் எப்படித் திரும்புது, எப்படி நிக்குது? எல்லாம் உராய்வு விசையின் வேலைதான்!

உராய்வுன்னா என்ன?

ஒன்றையொன்று தொடும் இரண்டு பரப்புகள் நகரும்போதோ, நகர முயலும்போதோ அதை எதிர்க்கும் விசைதான் உராய்வு. கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தெரியும் பரப்பிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருக்கும். எடை கூடினால் பரப்புகள் இன்னும் அழுந்தும், உராய்வும் கூடும்.

முதல் அசைவுதான் கஷ்டம்

நிற்கும் தேரை அசைக்கத்தான் அதிக பலம் வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு அவ்வளவு தேவைப்படாது. நிற்கும் பொருளைப் பிடித்துவைக்கும் உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிடப் பொதுவாக அதிகம். அதனால்தான் பின்பக்கம் நெம்புகோல் போட்டு உந்துவார்கள். சில ஊர்களில் ஜேசிபியும் தள்ளும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் விசை வீணாகும். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுத்தால்தான் தேர் நகரும்.

முட்டுக்கட்டை போடுறது நல்லதுதான்!

பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை' என்றால் தடை. தேரோட்டத்தில் அதுதான் உயிர் காக்கும் கருவி. ஓடும் சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு வடிவ மரக்கட்டையைப் போடுவார்கள். சக்கரம் அதன் மேல் ஏறப் பார்க்கும். கட்டை சாலையோடு உரசும். வேகம் வெப்பமாகக் கரையும். தேரின் எடையே கட்டையை அழுத்துவதால், தேர் தன் பாரத்தாலேயே நிற்கிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால் அந்தப் பக்கம் வேகம் குறைந்து, தேர் அங்கே திரும்பும். திருவாரூர் ஆழித்தேர் போன்ற சிலவற்றில் இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. அதிலும் வேலை செய்வது உராய்வுதான்.

தறியில் எதிரி, உடுத்தும்போது நண்பன்

காஞ்சிபுரம் நெசவாளர் தெருக்களில் பாவு நூலை நீளமாகக் கட்டி கஞ்சி போடுவதைப் பார்க்கலாம். நெய்யும்போது நூல் அச்சிலும் விழுதிலும் மறுபடி மறுபடி உரசும். கஞ்சிப் பூச்சு அந்த உரசலைத் தாங்கி, நூல் பிசிறு எழும்பாமல், அறுந்துபோகாமல் காக்கும்.

உடுத்தும்போது கதை தலைகீழ். சாட்டின் உள்பாவாடை மேல் பட்டுப்புடவை வழுக்கும். காட்டன் உள்பாவாடை போட்டுப் பாருங்க, மடிப்பு நகராமல் நிற்கும்!

வடம் பிடிக்கப் போறீங்களா?

* கனமான பொருளுக்கு நிலைமம் அதிகம். வடத்தை விட்டதும் தேர் சட்டென்று நிற்காது. சக்கரத்துக்கு முன்னால் செல்ஃபி வேண்டவே வேண்டாம்.
* சரிவான சாலையில் புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்கும். அங்கே கூடுதல் தூரம் தள்ளி நில்லுங்க.
* தண்ணீர் ஊற்றிய சாலையில் காலுக்குப் பிடிமானம் குறையும். ஓடாதீங்க.
* கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து வேலை பார்க்கிறார்கள். அவர்கள் 'நிறுத்து' என்றால் உடனே இழுப்பதை நிறுத்துங்க. அவங்க உயிர் நம்ம கையில் இருக்கும் வடத்தில்தான் இருக்கு!