குறட்டை, பகல் தூக்கம் இருக்கிறவங்க நைட் டிரைவிங் போகலாமா? உடுமலை டு சென்னை கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உடுமலைப்பேட்டையில் ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு 9 மணிக்கு வண்டியை எடுத்தால், விடியும்போது சென்னைக்குள் நுழைந்துவிடலாம். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். தேங்காய் லோடு, கோழி லோடு, கல்யாண வண்டி, ஏர்போர்ட் டிரிப் என்று இந்த ஊரில் இருந்து இரவில் வண்டி கிளம்பாத நாளே இல்லை. "ரோடு காலியா இருக்கும், வெயிலும் இருக்காது" என்பார்கள். அதெல்லாம் சரி. ஓட்டுகிறவருக்கு தூக்கம் சம்பந்தப்பட்ட நோய் இருந்தால்? அது இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தால்?

2020 பிப்ரவரி 20-ம் தேதியை நம்ம மாவட்டம் மறக்காது. அவிநாசி அருகே சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில், அதிகாலை 3 மணி தாண்டிய நேரம். டைல்ஸ் ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி, பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து மீது மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்றுதான் முதலில் பேச்சு வந்தது. லாரி ஓட்டுநர் கண் அயர்ந்ததுதான் காரணம் என்று பிறகு விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அது வெறும் களைப்பா, நோயா என்பது வேறு விஷயம். அந்த நேரத்தில் சில நொடி கண் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

சில நொடி என்றால் எவ்வளவு தூரம்?

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். 4 நொடி கண் சொக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அவ்வளவு தூரமும் வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றுதான் அர்த்தம். இதை 'மைக்ரோ ஸ்லீப்' என்கிறார்கள் டாக்டர்கள். கண் திறந்தபடியேகூட இது வரலாம். தூங்கினோம் என்பதே பல நேரம் நமக்குத் தெரியாது. "கடைசி ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்தேன்னே ஞாபகம் இல்லீங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அது ஒரு அறிகுறி.

குறட்டைக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. டிரைவர்களிடம் அதிகம் காணப்படும் தூக்க நோய் 'ஸ்லீப் ஆப்னியா'. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். 10 நொடி, சில நேரம் அதற்கும் மேலே மூச்சு நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்பும். பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு 5 முறைக்கு மேல் இப்படி ஆனாலே கணக்கில் எடுப்பார்கள். 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம். தீவிர நிலையில் இருப்பவர் 7 மணி நேரம் படுத்தால் 200 முறைக்கு மேல் தூக்கம் கலைகிறது. காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது!

இந்த நோய்க்கு சிகிச்சை எடுக்காதவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அதனால் இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர்கள்தான். "ஏனுங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னு போகுதுங்க" என்று மனைவி சொன்னால், அதைவிட நல்ல டெஸ்ட் ரிப்போர்ட் ஆரம்பத்தில் கிடைக்காது. லாரியில் கூடப் படுக்கும் கிளீனர் சொன்னாலும் அப்படித்தான். காலையில் தலைவலி, வாய் வறட்சி, மாத்திரை போட்டும் அடங்காத பி.பி., ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போவது, தடித்த கழுத்து (சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல்), உடல் எடை, 50 வயது தாண்டியது... இதில் நாலைந்து பொருந்தினால் நுரையீரல் அல்லது காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். டி.வி. பார்க்கும்போது, பஸ்ஸில் பயணியாக உட்காரும்போது, சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு சீக்கிரம் கண் சொக்குகிறது என்று 8 கேள்வி கேட்டு மார்க் போடுவார்கள். மொத்தம் 24-க்கு 10-ஐத் தாண்டினால் அது சாதாரணத் தூக்கம் இல்லை. பிறகு ஓர் இரவு 'ஸ்லீப் ஸ்டடி'. கோவையில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சின்ன கருவியும் வந்துவிட்டது.

நார்கோலெப்சி என்று இன்னொரு நோய் இருக்கிறது. அரிதானது. ராத்திரி போதுமான நேரம் தூங்கினாலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். சிலருக்கு பலமாகச் சிரித்தால் கை கால் சட்டென்று தளர்ந்துவிடும். இவர்கள் மாத்திரையில் நிலைமை கட்டுக்குள் வந்து, டாக்டர் 'ஓட்டலாம்' என்று சொல்லும்வரை ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது.

சொன்னால் லைசென்ஸ் போயிடுமா?

பலரும் டாக்டரிடம் போகாததற்கு இந்தப் பயம்தான் காரணம். வண்டிதான் சோறு போடுகிறது என்கிறவரின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் படிவம் 1-ல் வலிப்பு, திடீர் மயக்கம் பற்றிய கேள்வி இருக்கிறது. தூக்க நோய் என்று தனிக் கேள்வி இல்லை. ஆனால் 'பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்படுத்தக்கூடிய வேறு நோய் உண்டா' என்று கேட்கிறார்கள். சிகிச்சை எடுக்காத தீவிர ஸ்லீப் ஆப்னியா அதற்குள் வந்துவிடும். இப்படி ஒரு நோய் இருப்பது தெரிந்தே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய் வரையும், அடுத்த முறை 2,000 ரூபாய் வரையும் அபராதம்.

ஐரோப்பிய நாடுகளிலும் நோய் கண்டுபிடிக்கப்பட்டதும் லைசென்ஸை ஒரேயடியாகப் பிடுங்குவதில்லை. சிகிச்சை எடுத்து, தூக்கம் கட்டுக்குள் வந்தது என்று டாக்டர் உறுதி சொன்னால் ஓட்டலாம். நம்ம ஊரிலும் புத்திசாலித்தனமான வழி அதுதான்.

மெஷின் மாட்டினால் போதுமா?

ஸ்லீப் ஆப்னியாவுக்கு முக்கியமான சிகிச்சை 'சி-பேப்' என்ற காற்றழுத்தக் கருவி. 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் இதை அறிமுகப்படுத்தினார். மாஸ்க் வழியாகக் காற்று போய் தொண்டையை அடைக்காமல் பிடித்துக்கொள்ளும். பலருக்கு சில நாட்களிலேயே பகல் தூக்கம் குறைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மாட்டினால்தான் பலன். ஓரிரு இரவு விட்டாலே பழைய தூக்கம் திரும்பிவிடும். ராத்திரிக்கு 4 மணி நேரமாவது போட்டாக வேண்டும், முழு ராத்திரியும் போட்டால்தான் நிறைவு. எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதை கருவியே பதிவு செய்யும். டாக்டரிடம் கதை விட முடியாது.

வெளியூர் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் பலரும் செய்கிற தப்பு. திரும்பி வரும் நாளில்தான் அது தெரியும். வண்டியின் 12 வோல்ட் பிளக்கில் இயங்கும் அடாப்டரும், பேட்டரியும் கிடைக்கின்றன. ஈரப்பதம் தரும் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

டிரிப்பை எப்படி பிளான் பண்றது?

இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை, மதியம் 2 முதல் 4 வரை. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் தூங்கச் சொல்லும் நேரம் இவை. தூக்க நோய் உள்ளவர் இந்த நேரத்தில் ஓட்டாமல் இருப்பதே நல்லது. ராத்திரி 9 மணிக்குப் பதில், நன்றாகத் தூங்கி எழுந்து காலை 6 மணிக்கு உடுமலையை விட்டால், மதிய மயக்கம் வருவதற்குள் திருச்சி தாண்டிவிடலாம். பெரிய இலைச் சாப்பாட்டை ஊர் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை விட்டு இறங்குங்கள். கண் எரிகிறது, கொட்டாவி தொடர்கிறது, வண்டி கோடு தாண்டுகிறது என்றால் கண்ணாடியை இறக்குவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் பெரிதாக உதவாது. அதிகாலையில் போலீசார் நிறுத்தி முகம் கழுவச் சொல்வதும் டீ கொடுப்பதும் நல்ல விஷயம்தான், ஆனால் அதன் தெம்பு கொஞ்ச நேரம்தான். பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்த உடனே கிளம்பாதீர்கள், 10 நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். நோய்க்கு இது சிகிச்சை ஆகாது, அந்த நேரத்துக்கான அவசர வழி.

மருந்துக் கடையில் வாங்கும் சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை. தூக்க மாத்திரையின் மிச்சம் மறுநாள் காலையிலும் உடம்பில் இருக்கலாம். இதற்காகவே 2013-ல் அமெரிக்காவில் 'சோல்பிடெம்' மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். ராத்திரி 'கொஞ்சமா' குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து, மூச்சடைப்பு மோசமாகும்.

வண்டி வைத்திருக்கும் ஓனர்களுக்கும் ஒன்று. 2025 வரை அமலில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்ட விடாமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. இது நோய் இல்லாத டிரைவருக்குச் சொன்ன கணக்கு. "எனக்குக் கண்ணு சொக்குது, ரெண்டாவது ஆளைப் போடுங்க" என்று ஒரு டிரைவர் போன் செய்தால், லோடு லேட் ஆகிறதே என்று திட்டாமல் ஆளைப் போடுங்கள். அடுத்த வாரம் அவரை ஸ்லீப் ஸ்டடிக்கும் அனுப்பி வையுங்கள்.