பின்னுதைப்பும் ஆவடி டாங்கிகளும்

குண்டை முன்னே தள்ளும் விசை, அதைச் சுட்ட ஆயுதத்தையும் அதே அளவில் பின்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் இந்தப் பின்னுதைப்பிலிருந்து தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியும் தப்ப முடியாது, ஆவடியில் உருவாகும் டாங்கியின் பீரங்கியும் தப்ப முடியாது. அதை அடக்க மனிதர் கண்ட வழிகள் நான்கு: வெளியேறும் குண்டின் எடையைக் குறைப்பது, ஆயுதத்தின் எடையைக் கூட்டுவது, உதைப்பு நீடிக்கும் நேரத்தைக் கூட்டுவது, குழலைவிட்டு வெளியேறும் வாயுவைத் திசைதிருப்புவது. அறுபது ஆண்டுகளில் ஆவடியிலிருந்து புறப்பட்ட டாங்கிகளில் இந்த நான்கையும் காணலாம்.

இந்த வழிகளை எளிதாக விளக்குவது ஷாட்கன். ஜமீன்களிலும் வேட்டைக்காரர் வீடுகளிலும் இருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி மூன்று கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை கொண்டது. 32 கிராம் ஈயக் குண்டுகளை விநாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் அது வெளியேற்றும்போது, துப்பாக்கி விநாடிக்கு 4 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தோளை உதைக்கும். அதே குழலுக்குள் மெல்லிய உட்குழாய் ஒன்றைச் செருகினால் 20 போர் அல்லது 28 போர் தோட்டாவைப் பயன்படுத்த முடியும். உட்குழாயின் எடை துப்பாக்கியோடு சேர்கிறது; சிறிய தோட்டாவில் ஈயமும் மருந்தும் குறைகின்றன. இரண்டும் சேரும்போது பின்னுதைப்பின் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடும்.

உட்குழாய் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1880களில் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குள் மாரிஸ் குழாய் என்ற சிறு குழலைச் செருகிச் சிப்பாய்களுக்குப் பயிற்சி அளித்தது. தோட்டாச் செலவு மிஞ்சியது, உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கமும் விட்டது. பெரும் பீரங்கிகளுக்குள் சிறு குழலைப் பொருத்திப் பழகும் முறையும் இதே வழியில் பரவியது. துப்பாக்கிக் கட்டையின் அடியில் வைக்கும் ரப்பர் திண்டு உதைப்பைச் சற்று நீட்டி, பரப்பித் தருகிறது. 1920களில் அமெரிக்காவில் வந்த கட்ஸ் காம்பன்சேட்டர், குழல்வாயில் வெட்டிய பிளவுகள் வழியே வாயுவைத் திருப்பியது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற தானியங்கித் துப்பாக்கிகள், வாயுவின் ஒரு பகுதியைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றி, உதையின் கூர்மையைக் குறைத்தன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் 12 போர் பெரும்பாலும் விளையாட்டுத் திடலுக்கு உரியதாயிற்று. அங்கு ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயமே அனுமதி. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் டிராப் அணிப் போட்டியில் தங்கம் வென்றதும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதும் இந்த வரம்புக்குள்தான்.

பீரங்கியைத் தோள் தாங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, சுட்டவுடன் பீரங்கி தன் வண்டியோடு பல அடி பின்னே ஓடியது. கப்பலில் தடித்த கயிறுகளும் கோட்டையில் சாய்தளமும் அதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிக்கொண்டுவந்து மறுபடி குறிபார்க்க வேண்டியிருந்தது. 1897-இல் பிரெஞ்சு ராணுவம் ஏற்ற 75 மி.மீ. பீரங்கி இந்த நிலையை மாற்றியது. அதில் குழல் மட்டும் தொட்டிலின் மேல் பின்னே வழுக்கியது. எண்ணெய் நிறைந்த உருளை அதன் வேகத்தைத் தின்றது. அழுத்தப்பட்ட காற்று குழலைப் பழைய இடத்துக்குத் தள்ளியது. வண்டி அசையாததால் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு வரை சுட முடிந்தது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னிழுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. இது இல்லாமல், நெருக்கமான சுழல் கோபுரத்துக்குள் பெரிய பீரங்கியை வைக்கும் டாங்கி தோன்றியிருக்கவே முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவக் கிடங்குகள் ஆவடியில் வேரூன்றின. அக்காலத்தின் தடம் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற ரயில் நிலையப் பெயரில் இன்னும் நிற்கிறது. 1955-இல் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியதும் இங்கேதான். 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு இந்திய அரசு ஒப்பந்தம் செய்து, கனரக வாகனத் தொழிற்சாலையை ஆவடியில் தொடங்கியது. ஊர்மக்கள் அதை டேங்க் ஃபேக்டரி என்கிறார்கள். 1965-இல் முதல் விஜயந்தா இங்கிருந்து வெளிவந்தது.

விஜயந்தாவின் எடை ஏறத்தாழ 39 டன். பீரங்கி 105 மி.மீ. எல்-7. அதன் கவசம் துளைக்கும் குண்டு, உட்குழாயின் கருத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. மெல்லிய உலோகக் குண்டை, குழலை நிறைக்கும் இலேசான உறையொன்று சுமந்து செல்லும். குழல்வாயைத் தாண்டியதும் உறை கழன்று விழும். எடை குறைந்ததால் வேகம் விநாடிக்கு 1,470 மீட்டரைத் தாண்டியது. பீரங்கியோடு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. முதலில் அதைச் சுட்டு, குண்டு விழும் இடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணித்த பிறகே பெரிய பீரங்கி இயங்கும். பின்னுதைப்பும் வீணாகவில்லை: குழல் முன்னே திரும்பும்போது அடைப்பு தானாகத் திறந்து, வெற்றுத் தோட்டாக்கூட்டை வெளியே தள்ளியது.

1976-இல் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஆவடியில் தனி அமைப்பாயிற்று. அதன் தொடக்ககால வேலைகளில் ஒன்று, விஜயந்தாவின் அடிப்பகுதியை நீட்டி, சோவியத் 130 மி.மீ. எம்-46 பீரங்கியை ஏற்றிய காட்டபல்ட். எம்-46 ஏறத்தாழ 33 கிலோ குண்டை விநாடிக்கு 930 மீட்டர் வேகத்தில் வீசுவது. அந்த உதையைத் தாங்க மூடிய கோபுரத்தில் இடமில்லை. பீரங்கி திறந்த மேடையில் நின்று நீளமாகப் பின்னோட வழி கிடைத்தது. குழல்வாயின் துளைகள் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையின் ஒரு பங்கைக் குறைத்தன.

1980களில் ஆவடி சோவியத் டி-72-ஐ அஜேயா என்ற பெயரில் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் 125 மி.மீ. பீரங்கி 23 கிலோ வெடிகுண்டை விநாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் அனுப்பும். உந்தம் மட்டும் 19,550 கிலோகிராம்-மீட்டர்/விநாடி. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள குழல்பகுதி இதனால் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பின்னே பாய்கிறது. ஓட இடம் ஏறத்தாழ ஓர் அடி. அந்தத் தூரத்தில் நிறுத்த 30 டன்னுக்கு மேற்பட்ட விசை தேவை. ஓர் அங்குலத்தில் நிறுத்த வேண்டியிருந்தால் அது பன்னிரண்டு மடங்காகி, கோபுரத்தின் தாங்கிகளையே நொறுக்கிவிடும். எனவேதான் எண்ணெயின் அளவும் வாயுவின் அழுத்தமும் குழுவினரின் அன்றாடக் கவனிப்பில் இருக்கின்றன. சுட்ட பிறகு குழல் எவ்வளவு பின்னோடியது என்று காட்டும் முள், எல்லைக் குறியைத் தொட்டிருந்தால் மேற்கொண்டு சுடக்கூடாது.

பின்னுதைப்பு குறியையும் பாதிக்கும். தடுக்கும் உருளை குழலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், குண்டு வெளியேறும் முன்பே குழல் சற்றுத் திரும்பிவிடும். டி-90-இன் மேம்பட்ட பீரங்கியில் இரண்டு உருளைகள் குழலின் அச்சுக்கு இருபுறமும் சமமாக அமைந்து இந்தக் குறையைத் தீர்த்தன. 2001 ஒப்பந்தப்படி வந்த டி-90, பீஷ்மா என்ற பெயர் பெற்றது. 2009-இல் ஆவடியில் தயாரான முதல் தொகுதி ராணுவத்திடம் சேர்ந்தது.

அர்ஜுன் இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டது. 1974-இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்துக்கு ஆவடி நிறுவனம் தலைமை ஏற்றது, 120 மி.மீ. பீரங்கியைப் புனேயின் ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. 2004-இல் டாங்கிகள் படைப்பிரிவுக்குச் செல்லத் தொடங்கின. 58 டன்னுக்கு மேற்பட்ட எடையே உதைப்பின் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. எஞ்சியதை, சக்கரங்களைத் தாங்கும் எண்ணெய்-வாயு அமைப்பு ஏற்கிறது. சுட்டதும் வண்டி குலுங்குவது விரைவில் அடங்குகிறது. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கியை ராணுவத்திடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆணை ஆவடிக்கு வந்தது. அக்டோபர் 1 முதல் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

இமயத்தின் உயரத்துக்கு இத்தனை எடை ஒத்துவராது. எனவே ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் எல் அண்டு டி-யும் சேர்ந்து 25 டன் ஜோராவரை உருவாக்கின. 2024-இல் அது பாலைவனத்திலும், 4,200 மீட்டர் உயரத்திலும் சுட்டுச் சோதிக்கப்பட்டது. அதன் பீரங்கி மறுபடியும் 105 மி.மீ.; விஜயந்தாவின் அளவே, ஆனால் வண்டியின் எடை விஜயந்தாவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. எடை தந்த பாதுகாப்பு இல்லாதபோது, நீளமான பின்னோட்டமும் குழல்வாய்த் தடுப்பும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கனமான டாங்கிகளில் குழல்வாய்த் தடுப்பைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்: அது புழுதியைக் கிளப்பிக் குறியை மறைக்கும், உறை கழலும் குண்டுக்கும் இடையூறாகும். இலேசான வண்டியில் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான்கு வழிகளில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். ஒவ்வொரு டாங்கியின் வடிவத்தையும் தீர்மானித்தது இந்தக் கணக்கே.