அணிசேராமை

‘அணி’க்குத் தமிழில் வேலை அதிகம். கழுத்தில் கிடப்பதும் அணி, செய்யுளுக்கு அழகு சேர்ப்பதும் அணி, மைதானத்தில் இறங்கும் பதினொரு பேரும் அணி. ‘அணிசேராமை’யில் இருப்பது வரிசை, படைவரிசை என்ற பொருள். ‘சேராமை’ எதிர்மறைத் தொழிற்பெயர். இன்னார் படை வரிசையில் போய் நிற்காதிருத்தல்.

நடுநிலை வேறு. அது பிறர் சண்டையில் ஒதுங்கி நிற்பது, சுவிட்சர்லாந்து போல. இந்தியாவின் நேருவும் யூகோஸ்லாவியாவின் டிட்டோவும் எகிப்தின் நாசரும் பனிப்போரில் அப்படி ஒதுங்கவில்லை. எந்தப் பக்கம் என்பதை விவகாரத்துக்கு விவகாரம் தாங்களே முடிவு செய்வோம் என்றார்கள். 1961 செப்டம்பரில் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சிமாநாடு கூடியது. ஐந்தாவது 1976-இல் கொழும்பில். அந்த மாநாடு நடந்த பண்டாரநாயக்க மண்டபமே சீனா கட்டிக்கொடுத்த அன்பளிப்பு! கைநீட்டி வாங்குவதும் கட்டுப்படாமல் இருப்பதும் ஒரே கூரையின் கீழ்.

பனிப்போர் முடிந்தபின் சொல்லுக்கு மவுசு குறைந்தது. ரஷ்யாவிடம் எஸ்-400 வாங்கிக்கொண்டே அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுடன் குவாட் அமைப்பில் உட்காரும் இந்தியா இப்போது சொல்வது ‘வியூகத் தன்னாட்சி’. இலங்கைத் தமிழில் வியூகம் இருக்குமிடத்தில் ‘மூலோபாயம்’ வரும்.

வேடிக்கை என்னவென்றால், வியூகம் என்ற வடசொல்லுக்கும் மூலப்பொருள் படையின் அணிவகுப்புதான். அபிமன்யு மாட்டிக்கொண்ட சக்கர வியூகம் நினைவிருக்கும். சேரமாட்டேன் என்ற அணி, வேறு உடுப்பில் புதுச்சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் காதுக்குப் பழைய சொல்லே இன்னும் இனிக்கிறது.